திருநங்கையரும் கல்லீரல் அழற்சியும்: நோய், சட்டம், நமது கோரிக்கைகள்

ஒவ்வொரு சித்திரையிலும் நாடெங்குமிருந்து திருநங்கையர் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்கு வருகின்றனர். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் இவ்வூர் உள்ளது. திருவிழா நாள்களில் எச்.ஐ.வி. குறித்த விழிப்புணர்வுப் பணிகள் நடக்கின்றன. ஏறத்தாழ அதே வழிகளில் பரவும் ஹெபடைட்டிஸ் பி, சி ஆகிய கல்லீரல் அழற்சி நோய்கள் குறித்து நாம் பேசுவது மிகக் குறைவு.

நோயின் இயல்பு

உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி தொற்றுடனும், 55 லட்சம் பேர் சி தொற்றுடனும் வாழ்ந்தனர். இரண்டும் இரத்தம் வழியே பரவுபவை. பி வகை உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் எளிதில் பரவும். ஒன்றாக உண்பதாலோ தொட்டுப் பழகுவதாலோ இவை பரவுவதில்லை.

காமாலை என்றதும் நாட்டு மருந்தைத் தேடுவது நமது ஊர்களின் வழக்கம். அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் ஏ வகை பெரும்பாலும் தானாகவே குணமாகும். பெயர் மருந்துக்குப் போய்ச்சேரும். நாள்பட்ட பி, சி வகைகளோ பல ஆண்டுகள் கண் மஞ்சளாகாமலே கல்லீரலைச் சுருக்கிப் புற்றுநோய்வரை கொண்டுசெல்லக்கூடியவை. இரத்தப் பரிசோதனையின்றி அவற்றை அறிய இயலாது.

திருநங்கையருக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

இதற்குக் காரணம் அவர்களின் உடலன்று. அவர்கள் தள்ளப்பட்டுள்ள வாழ்நிலையே. குடும்பமும் பள்ளியும் வெளியேற்ற, வேலை மறுக்கப்பட்ட நிலையில் பலருக்குப் பாலியல் தொழில் எஞ்சுகிறது. ஆணுறை வேண்டும் என வலியுறுத்தும் வலிமை அங்கு வாடிக்கையாளரிடமே இருக்கிறது. மருத்துவமனையின் ஏளனத்துக்கு அஞ்சி, பகிர்ந்த ஊசியில் ஹார்மோன் செலுத்திக்கொள்வதும், மருத்துவரல்லாதாரிடம் நிர்வாணம் செய்துகொள்வதும், சவரக்கத்தியைப் பகிர்வதும் தொற்றுக்கு வழிதிறக்கின்றன. மதுப்பழக்கம் பாதிப்பை விரைவுபடுத்துகிறது.

2021ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்பில் திருநங்கையரிடையே எச்.ஐ.வி. விகிதம் 3.78 சதவீதமாக இருந்தது. நாட்டின் வயதுவந்தோரிடையே அது ஏறத்தாழ 0.2 சதவீதமே. பரவும் வழிகள் ஒன்றாக இருக்கையில், கல்லீரல் அழற்சியைத் தனியே விட்டுவிட நியாயமில்லை.

தலித் திருநங்கையருக்குச் சாதி இன்னொரு சுவராகிறது. கிடைமட்ட இடஒதுக்கீட்டுக் கோரிக்கையை நாங்கள் சுகாதாரக் கோரிக்கையாகவும் காண்பது இதனால்தான். நிலையான வருவாய் உள்ளவரே பாதுகாப்பற்ற உறவை மறுக்கவும், வேலையை விட்டுச் சிகிச்சைக்குச் செல்லவும் முடியும்.

தடுப்பும் சிகிச்சையும்

ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணைகள். குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுவதும் சேர்ந்தது 2011-இல்தான். ஆகவே இன்று வயதுவந்த திருநங்கையரில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தில் இதைப் பெற்றிருக்க வாய்ப்பில்லை. தொற்றியபின் பி-யை மருந்தால் கட்டுப்படுத்தலாம். சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளால் முற்றிலும் குணமாகிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இரண்டுக்கும் பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாக வழங்குகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2014 ஏப்ரல் 15 அன்று நல்சா வழக்கில் உச்சநீதிமன்றம், திருநர்களுக்கு மருத்துவமனைகளில் உரிய சிகிச்சை தர அரசுகளுக்கு உத்தரவிட்டது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மருத்துவச் சேவை மறுப்பைத் தடைசெய்கிறது. 15ஆம் பிரிவு தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்களைக் குறிப்பிடுகிறது. கல்லீரல் அழற்சியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

இடைவெளி இன்னும் ஆழமானது. எச்.ஐ.வி. உள்ளோரை 2017ஆம் ஆண்டுச் சட்டம் பாகுபாட்டிலிருந்து காக்கிறது. ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் நோய்நிலையை வெளியிடுவதையும் கட்டுப்படுத்துகிறது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு அத்தகைய தனி மத்தியச் சட்டம் இல்லை. அறுவைச் சிகிச்சை மறுக்கப்பட்டால், அரசமைப்பின் 14, 21ஆம் கூறுகளையும் மேற்கண்ட 3ஆம் பிரிவையும் முன்வைத்தே நாம் வாதிட வேண்டியுள்ளது.

மாவட்டத்தில் நாம் கேட்க வேண்டியவை

1. நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையுடன், ஒப்புதல் பெற்று, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையும் நடக்க வேண்டும்.

2. கூவாகத்தில் முதல் தவணைத் தடுப்பூசி போட வேண்டும். வருவோர் பல ஊரினர். எனவே அடுத்த தவணைகளை எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் பெற அட்டை வழங்க வேண்டும்.

3. 2022-இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஏளனமற்ற ஹார்மோன் ஆலோசனையும் கல்லீரல் பரிசோதனையும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும்.

4. கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அம்மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இச்சேவைகள் சென்றடைய வேண்டும்.

எத்தனை திருநங்கையர் பரிசோதிக்கப்பட்டனர், எத்தனை பேர் மூன்று தவணையும் பெற்றனர், மருந்து இருப்பு எவ்வளவு என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் எவரும் கேட்கலாம். பெயர்களைக் கேட்கக் கூடாது, எண்ணிக்கை போதும். கல்லூரி மாணவர்கள் இந்த மனுவிலிருந்தே பணியைத் தொடங்கலாம்.