எம்.சி.ஆர். செருப்பு யாருக்காகப் பிறந்தது

சர்க்கரைக்காரர்களும் குதிகால் வலிக்காரர்களும் என் கடைக்கு வந்து எம்.சி.ஆர். செருப்பு கேட்கிறார்கள். டாக்டர் சீட்டிலும் அந்த மூன்று எழுத்துதான் இருக்கும். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பது பெயர். உள்ளே பொடிப் பொடியாகக் காற்றறைகள் கொண்ட மெத்தென்ற தகடு அது. தொழுநோயாளிகளின் காலுக்காகத்தான் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் இதை முதலில் செருப்பாக வெட்டினார்கள். கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரோ என்று பலரும் இதைச் சொல்வதில்லை. நான் சொல்லித்தான் விற்கிறேன். அந்தக் கால்களுக்கு நாம் பட்ட கடன் சின்னதல்ல.

இதற்கு வழிவகுத்த மருத்துவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் லண்டனில் தச்சு, கட்டட வேலை கற்றவர். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குத் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப்போய்க் காட்டினார். இந்த நோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அன்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்டுக்கு அது சரியாகப் படவில்லை. ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, நோய் கண்ட சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கோ தெரியவே இல்லை. நோயாளிகள் தங்கியிருந்த நவஜீவ நிலையத்தில் இரவோடு இரவாகச் சிலருடைய விரல் நுனி காணாமல் போயிற்று. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது எலி வந்து கடித்தது. வீடு திரும்பும் நோயாளிகளுக்கு அதன்பின் ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். நோய் நரம்பைக் கொல்கிறது, வலி போய்விடுகிறது. காயமும் சீழும்தான் விரலைத் தின்கின்றன என்பது இப்படித்தான் விளங்கியது.

மடங்கிப்போன விரல்களை 1948 முதல் அறுவை செய்து நிமிர்த்தினார்கள். கால் அப்படி வசப்படவில்லை. மாவுக்கட்டில் புண் ஆறும். ஊருக்கு நடந்து போனதும் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். செருப்புத் தைப்பவனுக்கு இதன் காரணம் எளிதில் பிடிபடும். நமக்குக் கால் வலித்தால் பாதத்தைச் சாய்த்து, எடையை மாற்றி, நொண்டியாவது நடப்போம். உணர்வற்ற கால் அப்படி மாற்றாது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டிலேயே ஒவ்வோர் அடியும் இடித்துக்கொண்டிருக்கும்.

மரக்கட்டைச் செருப்பு உட்படப் பலவற்றைச் செய்து பார்த்து, 1950களில் இந்த ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். வேலூர் அருகே 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் செருப்புப் பட்டறையும் சிகிச்சையின் ஓர் அங்கமாயிற்று. அங்கே பழகியவர் ஒருவரிடம்தான் நான் தொழில் கற்றேன். காலுக்கு நேராக மெத்தென்ற தகடு. அதன் கீழே முள்ளும் கண்ணாடியும் ஏறாத கெட்டி அடி, பெரும்பாலும் பழைய டயர். ஆணி ஒன்றுகூடக் கூடாது. ஆணி மேலே கிளம்பிக் குத்தினாலும் அணிந்தவருக்குத் தெரியாது, ஒட்டலும் தையலும்தான். பின்னால் குதிகாலைப் பிடிக்க ஒரு வார் வேண்டும், ஏனென்றால் செருப்பு கழன்று விழுந்ததை அறியாமல் நடந்துகொண்டே இருப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தகட்டை வைத்து அழுத்தினால் பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும். விட்டால் எழும்ப வேண்டும். என் ஆசான் கையில் கொடுத்த அளவுகோல் அதுதான்.

ஆனால் செருப்பே அடையாளமாகிவிட்டது. அகலப் பட்டை, பின்வார், கறுப்புத் தகடு என்று எல்லாம் ஒரே அச்சு; பார்த்த மாத்திரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். பஸ் ஏறும் முன் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதாக ஓர் அம்மா என்னிடம் சொன்னார். புண் வந்தாலும் வரட்டும், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவதைத் தாங்க முடியவில்லை என்றார். அவருக்குப் பழுப்புத் தோல் வைத்து, கடைச் செருப்புப்போலவே தெரியும்படி தைத்துக் கொடுத்தேன். அழகு இங்கே ஆடம்பரம் கிடையாது. போட வெட்கப்படும் செருப்பு காலைக் காக்காது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் உணர்வற்ற பாதங்களிலும் அதே புண்ணைக் கண்டு, வேலூரில் கற்றதையே அங்கும் செய்தார். 2004இல் ராயபுரம் சர்க்கரை நோய் மருத்துவமனையினரும் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரும் பலவகை உள்ளடித் தகடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் எம்.சி.ஆரும் இருந்தது. மெத்தென்ற உள்ளடி அணிந்தவர்களுக்குப் புதுப் புண் வெகுவாகக் குறைந்திருந்தது. எம்.சி.ஆர். செருப்பு இன்று கேட்கும் நிறத்தில் கடைக்குக் கடை கிடைக்கிறது.

தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையை 2005இல் கடந்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. மருந்தால் கிருமி செத்தாலும் செத்த நரம்பு திரும்புவதில்லை. மறுவாழ்வுக் குடியிருப்புகளில் இருக்கிற வயதானவர்களுக்கு இன்னமும் அதே செருப்பு வேண்டும். அதுவும் ஒருமுறை கொடுத்தால் போதாது. தகடு நசுங்கிச் செத்ததும் புது ஜோடி வேண்டும். அவர்கள் வீட்டுக்கே போய்ப் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அளவெடுக்க ஆள் வேண்டும்.