83 வயதில் ஒரு பூப்படம்

ஓய்வு பெற்ற பிறகு எண்ணெய் வண்ண ஓவியம் கற்றுக்கொள்ளப் போன கதையை முன்பே எழுதியிருக்கிறேன். வாசலில் பூத்த செம்பருத்தியைப் பறித்து டம்ளரில் வைத்துக்கொண்டு உட்காருவேன். சாயங்காலத்துக்குள் பூ சுருண்டுவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ காய நாள்கணக்கில் ஆகும். அது காயாமல் அடுத்த பூச்சுப் பூச முடியாது. "பூ உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடப் போய்த்தான் ராகெல் ரூய்ஷ் என்ற டச்சு அம்மாளை அறிந்துகொண்டேன்.

1664-இல் பிறந்தவர். தகப்பனார் ஆம்ஸ்டர்டாமில் பேர் பெற்ற உடற்கூற்று, தாவரவியல் பேராசிரியர். செடி, பூச்சி, எலும்பு என்று வீடே ஒரு காட்சிசாலை. (அந்தச் சேகரிப்பைப் பிற்பாடு ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் விலைக்கு வாங்கிக்கொண்டார்.) பெண்ணுக்குப் பதினைந்து வயதானபோது வில்லெம் வான் ஆல்ஸ்ட் என்ற ஓவியரிடம் தொழில் பழக விட்டார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரணமா?

அவர் படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். வசந்தத்தில் பூக்கும் துலிப்பும் கோடையில் மலரும் பூக்களும் ஒரே ஜாடியில் இருக்கும். அப்படி ஒரு பூங்கொத்தை அன்றைக்கு யாரும் கையில் பிடித்திருக்க முடியாது. அந்தந்தப் பருவத்தில் தனித்தனியாகப் பார்த்து வரைந்து வைத்ததைத்தான் பிறகு ஒன்று சேர்த்தார்கள். அவருக்குப் பின் வந்த யான் வான் ஹாய்சம் பூ மலரும்வரை காத்திருப்பாராம். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய படம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகள் எழுதியிருக்கின்றன.

அந்தக் காலப் படங்கள் பலவற்றில் இலைகள் இன்று நீலமாகத் தெரிகின்றன. பச்சைக்காக நீலத்தோடு சேர்த்த மஞ்சள், தாவரச் சாயம். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் வெளுத்துப்போக, நீலம் மட்டும் தங்கிவிட்டது. நம் வீட்டுக் காலண்டர் சாமி படங்கள் வெயிலில் நீலம் பாரித்துப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி.

ரூய்ஷுக்கு 1693-இல் கல்யாணம். கணவரும் ஓவியர். பத்துக் குழந்தைகள் பிறந்தன. அதற்கு நடுவில் 1708 முதல் டுசெல்டார்ஃப் அரசவை ஓவியர் பதவி வேறு; ஆம்ஸ்டர்டாம் வீட்டிலிருந்தபடியே வரைந்து அனுப்பினார். தூரிகையைக் கீழே வைக்கவே இல்லை. வயதான காலத்துப் படங்களில் கையெழுத்தோடு தம் வயதையும் எழுதிவைத்தார். 1747-ஆம் ஆண்டுப் படத்தில் 83 என்று போட்டிருக்கிறார். 1750-இல் காலமானார்.

அந்த 83-ஐப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு, விரல் நடுக்கத்தைச் சாக்குச் சொல்லி வண்ணப் பெட்டியைப் பரண்மேல் போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எனக்கு 72தான்.

மறுநாள் பேரனை விட்டு இறக்கச் சொன்னேன். பாதி ட்யூப்கள் இறுகிப் போயிருந்தன. வெள்ளையும் சிவப்பும் தப்பித்தன. இப்போது செம்பருத்தியைப் பூத்த அன்றே பென்சிலால் வரைந்து, நிறத்தைக் குறித்துக்கொள்கிறேன். வண்ணம் பிறகு நிதானமாக. இதழ் ஓரம் கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது. கீழே கையெழுத்துப் பக்கத்தில் 72 என்று போட்டிருக்கிறேன்.