எதன் நெய்? – துப்பாக்கி எண்ணெயின் வரலாற்றில் மறைந்த ஒரு பெயர்

புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைக் காண்கிறார். அவை மயிற்பீலியும் மாலையும் புனைந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ போரில் முனை சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழும் அப்பாட்டின் நயத்தை அறிஞர் பலர் எடுத்துரைத்துள்ளனர். அதனுள் ஒரு தொழில் நுட்பச் செய்தியும் உண்டு. இரும்பு ஈரத்தால் துருவேறும். அதனைக் காக்க நெய்ப்பூச்சு வேண்டும். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் அறிந்திருந்த உண்மை இது.

அந்த நெய் எதன் நெய் என்று பாட்டுக் கூறவில்லை. 'நெய்' என்னும் சொல் அக்காலத்தில் ஆவின் நெய், எள்ளின் நெய், மீனின் நெய் ஆகிய அனைத்துக்கும் பொதுவாக வழங்கிற்று. பின்னர் எள்நெய் 'எண்ணெய்' ஆயிற்று. நாளடைவில் அச்சொல்லினின்று எள் மறைந்தது. தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம். இவற்றில் எள் எங்கே? இறுதியில், எள்ளின் எண்ணெயைக் குறிக்க 'நல்லெண்ணெய்' என்று வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. பயன் நிலைத்து, மூலத்தின் பெயர் அழிந்துபோன வரலாறு இது. சொல்லில் நிகழ்ந்த இம்மறைவு பொருளிலும் நிகழ்ந்திருக்கிறது. அதற்குத் துப்பாக்கி எண்ணெயின் வரலாறு நல்லதொரு சான்று.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போரிடையே ஒரு சிக்கனப் பழக்கம் உண்டு. மோட்டார் வண்டிக்கு எண்ணெய் மாற்றியபின் டப்பாவின் அடியில் மீந்திருப்பதை எடுத்துத் துப்பாக்கியின் உரசும் உறுப்புகளுக்கு இடுவர். இதில் அறிவுக்கு ஒவ்வாதது ஏதுமில்லை. இக்கால எஞ்சின் எண்ணெய் பெருவெப்பத்தைத் தாங்குவது. துருவையும் தேய்மானத்தையும் தடுக்கும் வேதிப் பொருள்கள் கலந்தது. தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கான செந்நிற எண்ணெயும் அத்தகையதே. ஆனால் மீந்த எண்ணெய் வேறு, வண்டியினின்று வடித்த கழிவெண்ணெய் வேறு. பின்னதில் கரியும் உலோகத் துகளும் அமிலமும் கலந்திருக்கும். அது இரும்பைக் காப்பதற்கு மாறாக அரிக்கும். தொடர்ந்து தோலிற் பட்டால் புற்றுநோய்க்கும் இடமாகலாம். எனவே விவரமறிந்தோர் முன்னதையே கொள்வர்.

இப்பழக்கத்தின் வேரைத் தேடிச் சென்றால், நாம் ஒரு கடல் விலங்கினிடம் போய்ச் சேர்கிறோம்.

அமெரிக்கப் படைத்துறை அறிஞர் ஜூலியன் ஹாட்சர் 1947இல் வெளியிட்ட குறிப்பு நூலொன்றில், ஃபிராங்க்ஃபோர்டு படைக்கலச் சாலையில் உருவான ஒரு துப்பாக்கித் துப்புரவுக் கலவை இடம்பெற்றுள்ளது. அசிட்டோன், டர்ப்பன்டைன், மண்ணெண்ணெய் ஆகியவற்றோடு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயும் அதிற் சேரும். பிற்காலத்தில் திமிங்கல எண்ணெய் கிடைக்காமற் போகவே, துப்பாக்கிக் கலை பற்றி எழுதும் அமெரிக்கர் ஒருவர் அக்கலவையைத் திருத்தியமைத்தார். திமிங்கல எண்ணெய் இருந்த இடத்தில் அவர் வைத்தது மோட்டார் வண்டியின் செந்நிறக் கியர் எண்ணெய். அக்கலவை அதன் நிறத்தாற் பெயர்பெற்று இன்றும் வழங்குகிறது. மீந்த வண்டி எண்ணெயைத் துப்பாக்கிக்கு இடுபவர் ஒரு திமிங்கலம் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்புகிறார் என்பதை இதனால் அறியலாம்.

ஸ்பெர்ம் திமிங்கலம் என்னும் பெயரே ஒரு பிழையிற் பிறந்தது. அதன் பெருந்தலைக்குள் இருக்கும் வெண்மையான மெழுகு நீர்மத்தை விந்து என்று பிறழ உணர்ந்த ஐரோப்பியர் இட்ட பெயர் அது. உடலில் மூன்றில் ஒரு பங்காக அமைந்த அத்தலையிலிருந்தும், தோலடிக் கொழுப்பிலிருந்தும் எண்ணெய் எடுக்கப்பட்டது. தாவர எண்ணெய்களும் பிற விலங்குக் கொழுப்புகளும் காலப்போக்கிற் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகும், அல்லது சிக்கு வாடை கொள்ளும். இதுவோ வேதியியல் அமைப்பிற் பெரிதும் மெழுகினத்தைச் சார்ந்தது. ஆகவே எளிதிற் கெடாது, இறுகாது, அழுத்தத்திலும் உலோகத்தை விட்டு அகலாது. கடிகாரம், தையற் பொறி, நூற்பாலைக் கதிர், துப்பாக்கி என நுண்ணிய இரும்பு இயங்கிய இடமெல்லாம் இவ்வெண்ணெய் புகுந்தது. 1903ஆம் ஆண்டு மாதிரியான ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியின் கட்டைக்குள் ஒரு சிறு எண்ணெய்ச் சிமிழ் வைக்கப்பெற்றிருந்தது. உரசும் உலோகப் பரப்புகளுக்கு ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயையே இடுக என்று அதற்கான படைத்துறைக் கையேடு விதித்தது.

1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் பெட்ரோலியக் கிணறு தோண்டப்பட்டதும் திமிங்கலங்கள் பிழைத்தன என்று பலர் எழுதுவர். விளக்கைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. மண்ணெண்ணெய் வந்தபின் விளக்குக்குத் திமிங்கலம் வேண்டாவாயிற்று. பொறிகளுக்கோ தொடர்ந்து வேண்டியிருந்தது. நீராவிக் கப்பலும் வெடிமுனை ஈட்டியும் கொண்ட இருபதாம் நூற்றாண்டின் வேட்டை, பாய்மரக் காலத்து வேட்டையினும் கொடியது. 1960களின் நடுவில் உலகெங்கும் ஆண்டுக்கு 20,000க்கும் மேற்பட்ட ஸ்பெர்ம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன.

வரலாற்றின் நகைமுரண் இங்கேதான் முனைகொள்கிறது. தானியங்கிக் கியர்ப் பெட்டி பொருத்திய வண்டியை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் அறிமுகப்படுத்தியது. அப்பெட்டிக்கென 1949இல் வகுக்கப்பெற்ற எண்ணெயிலும், 1960களின் பிற்பகுதியில் வந்த டெக்ஸ்ரானிலும், உராய்வைச் சீர்செய்யும் பொருளாகச் சேர்க்கப்பட்டது அதே திமிங்கல எண்ணெய். வண்டியோட்டிய குடும்பத் தலைவரோ அதனை அறியார். டப்பாவின்மேல் திமிங்கலத்தின் பெயர் இல்லை. செந்நிறம் மட்டுமே இருந்தது. 1970இல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவித்து, அதன் எண்ணெயை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. உடனே மாற்றுப் பொருள் தேட வேண்டியதாயிற்று. முதலில் வந்த மாற்று எண்ணெய் குளிர்விப்பானின் உலோக இணைப்புகளை அரித்தது, மீண்டும் திருத்தினர். அதன் பின்னரே இக்காலக் கியர் எண்ணெய் உருப்பெற்றது. திமிங்கலத்தின் இடத்தைத் துப்பாக்கியில் நிரப்பிய எண்ணெய், தன்னுள் இருந்த திமிங்கலத்தை இழந்தபின் உருவானதே என்பது எண்ணத்தக்கது. வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்தும் முடிவைப் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் 1982இல்தான் மேற்கொண்டது.

இத்தனை ஆண்டுகளில், கையில் எண்ணெய்ச் சிமிழ் ஏந்தியவர்கள் 'இது எதன் நெய்?' என்று ஏன் கேட்கவில்லை? அவ்வாறு கேட்ட வீரரும் வரலாற்றில் இருந்தனர். அவர்கள் நம் நாட்டினர்.

என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டா குழலுக்குள் எளிதாக இறங்குவதற்காக அதன் முனையிற் கொழுப்புப் பூசப்பட்டது. வீரர்கள் தோட்டாவைப் பல்லாற் கடித்துக் கிழிக்கும் முறை அக்காலத்தில் இருந்தது. பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் அதில் உள்ளன என்ற செய்தி 1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பரவிற்று. நீங்கள் விரும்பும் பொருளை நீங்களே பூசிக்கொள்ளலாம் என்று அம்மாத இறுதியில் அரசு இசைந்தது. வாயாற் கடிக்காமற் கையாற் கிழிக்கலாம் என்றும் பின்னர்க் கூறியது. நம்பிக்கை அதற்குள் முறிந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படையினர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மே 10 அன்று எழுச்சி வெடித்தது. நில வருவாய்க் கொள்கை, அரசுகளின் இணைப்பு, படைவீரர்களின் குறைகள் எனக் காரணங்கள் பல உண்டு என்பதை வரலாற்றறிஞர் நிறுவியுள்ளனர். எனினும் அக்காரணங்கள் யாவும் திரண்டு ஒரு கேள்வியாக உருக்கொண்டது ஒரு துளிக் கொழுப்பினிடத்தேதான்.

அவ்வீரர்கள் சமய உணர்வால் கேட்டனர். திமிங்கலத்துக்காக வாதிட்டோர் உயிரிரக்கத்தால் கேட்டனர். நோக்கம் வேறாயினும் கேள்வி ஒன்றே. என் கையில் உள்ள பொருள் எதன் உடலிலிருந்து வந்தது? யார் எனக்கு அதனை மறைத்தார்? இக்கேள்வி 1857இல் ஒரு பேரரசை உலுக்கியது. 1970இல் ஒரு பெருந்தொழிலைத் தன் எண்ணெயை மாற்ற வைத்தது. கேளாதிருந்த நெடிய இடைக்காலத்திலோ, இலட்சக் கணக்கான திமிங்கலங்கள் பெயரின்றிப் பொறிகளுக்குள் வழிந்து போயின.

மசகு என்பதன் இயல்பே மறைந்திருந்து உதவுவது. உரசல் ஒலி கேட்கும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. அதனாலேயே அதன் மூலத்தை மறப்பது எளிதாகிறது. சொற்களும் அவ்வாறே. 'எண்ணெய்' என்று நாளும் சொல்லும் நாம் அதனுள் உறையும் எள்ளை நினைப்பதில்லை. பத்தாண்டுகளாகச் சொல்லையே தொழிலாகக் கொண்டு கூடிவரும் நம் வட்டத்துக் கவிஞர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது. வழக்கத்தால் வழுவழுப்பாகிப்போன சொல்லை எடுத்து, இது எதனிலிருந்து பிறந்தது, இதற்காக எது மறைக்கப்பட்டது என்று வினவுவது கவிஞரின் கடன். ஔவையார் நெய் பூசிய வேலையும் முனை முறிந்த வேலையும் அருகருகே வைத்தார். எது மெய்யான வேல் என்பது தானே விளங்கிற்று. பளபளப்பின் பின்னே நின்று பார்க்கும் அந்தக் கண்ணைத் தமிழ்க் கவிதை இழந்துவிடலாகாது.