காபிக்காக வைத்த கேமரா

செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து, "எனக்குன்னு யாருமே இல்லைங்க" என்று ஊருக்கே சொல்லும் வீடியோக்கள் நமக்குப் பழகிவிட்டன. ஆனால் அவற்றின் பூர்வீகம் இணையத்தை விடப் பழையது. 1967-ல் சோனி நிறுவனம் தோளில் மாட்டும் வீடியோ கருவியை விற்பனைக்கு விட, கலைஞர்கள் தங்களைத் தாங்களே படம்பிடிக்கத் தொடங்கினார்கள். 1973-ல் நியூயார்க் கலைஞர் வீட்டோ அக்கான்சி தரையில் படுத்து, முகத்தைக் கேமராவுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, சிகரெட்டும் கையுமாக அரை மணி நேரம் பேசினார். டேப்பில் ஒரு பாட்டைப் போடுவார். அதையே சாக்காக வைத்து, யாரென்றே தெரியாத பார்வையாளரைப் பக்கத்தில் வந்து படுக்கச் சொல்லிக் கெஞ்சுவார். 'தீம் சாங்' என்ற அந்த வீடியோவைப் பார்த்தால் இன்று காலை பதிவேற்றியது போலிருக்கும்.

அடுத்த திருப்பம் காபியால் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் பல படிகளைக் கடந்து வந்து பார்த்தால் காபிக் குடுவை காலியாக இருக்கும். வெறுத்துப்போன ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் குடுவைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, படத்தைத் தங்கள் திரைக்கே வரவழைத்தார்கள். 1993-ல் அது வலையில் ஏறியதும், அந்தக் காபியில் ஒரு சொட்டுகூடக் கிடைக்காதவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

1994-ல் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பந்து வடிவ 'குயிக்கேம்' கடைக்கு வந்தது. வெப்கேமரா வீட்டுச் சாமானாகிவிட்டது. 1996-ல் பென்சில்வேனியாவில் ஜெனிஃபர் ரிங்லி என்ற கல்லூரி மாணவி தன் விடுதி அறையை வலையில் திறந்துவிட்டார். சில நிமிடத்துக்கு ஒரு படம். பல நேரம் ஆளில்லாத அறைதான். அதையும் ஜனங்கள் காத்திருந்து பார்த்தார்கள். 2003 கடைசிவரை 'ஜென்னிகேம்' ஓடியது. புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைகளுக்கும் பஞ்சமில்லை.

போலிகளும் வந்தன. 2006-ல் யூடியூபில் 'லோன்லிகேர்ள்15' என்ற பெயரில் அறைக்குள்ளிருந்து மனம் திறந்த சிறுமிக்காகப் பலர் உருகினார்கள். சில மாதத்தில் குட்டு வெளிப்பட்டது: எழுதி நடித்த கதை, பேசியவர் நடிகை.

அதற்கடுத்த ஆண்டு கலைஞர் பெட்ரா கார்ட்ரைட் செய்தது நேர் எதிர். வெப்கேமரா மென்பொருளோடு வந்த பீட்சாத் துண்டுப் படமும் மின்னல் படமும் முகத்தின் மேல் மிதக்க, உணர்ச்சியே காட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆள் பிடிக்க அவர் கூடவே சேர்த்த ஆபாசத் தேடல் சொற்களால் யூடியூப் அந்த வீடியோவை நீக்கிவிட்டது.

என்னைக் கேட்டால், இந்த வரிசையில் ஆழமானவர் கலைஞர் நடாலி புக்சின். அவர் தன்னைப் படமெடுக்கவே இல்லை. 2009-ல் அந்நியர்களின் வீடியோக்களைத் திரட்டினார். 'லெய்ட் ஆஃப்' என்ற படைப்பில், வேலை போனவர்கள் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கிறார். திடீரென்று பல பேர் வாயில் ஒரே வார்த்தை, பஜனைக் கோஷ்டி போலச் சேர்ந்து ஒலிக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் நேர்ந்ததாக நினைத்துச் சொன்ன கதை அது. இந்த வகையில் ஒன்றே ஒன்று பார்க்கத்தான் நேரம் என்றால், இதைப் பாருங்கள், சில நிமிடம்தான்.