கரையும் கலுங்கும்

திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. இங்கே கண்மாய் கண்ட முன்னோர் கரையை மட்டும் எழுப்பி அமைந்துவிடவில்லை. வயலுக்கு நீர் பாய மடை வைத்தார்கள். மிஞ்சிய வெள்ளம் வெளியேறக் கலுங்கும் அமைத்தார்கள். கரை இல்லையேல் நீர் நில்லாது. கலுங்கு இல்லையேல் கரையே நில்லாது. நம் பிள்ளைகள் இன்று மாலைப்பொழுதைக் கழிக்கின்ற கணிப்பொறிக் கற்பனை உலகங்களின் வரலாறும் இந்த உண்மையையே உணர்த்துகிறது.

1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூகாஸ் பிலிம் நிறுவனத்தார் 'ஹாபிட்டாட்' என்றொரு கற்பனை நகரைச் சமைத்தனர். வீட்டுக் கணிப்பொறியைத் தொலைபேசிக் கம்பியுடன் இணைத்து, ஆளுக்கோர் உருவம் பூண்டு மக்கள் அதில் உலவினார்கள். அதை வகுத்த சிப் மார்னிங்ஸ்டார், ரேண்டல் ஃபார்மர் ஆகிய இருவரும், குடிமக்களின் பொழுதையெல்லாம் தாமே திட்டமிட்டுவிடலாம் என்று எண்ணினர். நூறு பகுதிகள் கொண்ட தீவொன்றை வாரக்கணக்கில் உருவாக்கிப் புதையல் வேட்டை நடத்தினர். பல நாள் நீடிக்கும் என்று நம்பிய அவ்வேட்டை எட்டு மணி நேரத்தில் முடிந்தது! முக்கியத் துப்பை ஒருவர் முதல் பதினைந்தே நிமிடங்களில் கண்டுகொண்டார். பலர் வேட்டையில் இறங்கவே இல்லை.

ஆனால், எவரும் திட்டமிடாதவை அங்கே தாமாகத் தழைத்தன. நிறுவனத்தார் துப்பாக்கிகளை வைத்திருந்தனர். கொலையும் கொள்ளையும் பெருகின. அப்போது கிரேக்கத் திருச்சபைப் பாதிரியார் ஒருவர், ஆயுதம் ஏந்துவதில்லை என உறுதிபூண்டோர் கூட்டம் ஒன்றை அந்நகரில் நிறுவினார். கொலை குற்றமா, விளையாட்டா என்று வாக்கெடுத்தபோது ஊர் சரிபாதியாகப் பிரிந்தது. முடிவில் நகருக்குள் ஆயுதம் செல்லாது, வெளியே செல்லும் என்று எல்லை வகுக்கப்பட்டது. நம் ஊர் ஜமாஅத்துகள் மஷூரா செய்து பிணக்குத் தீர்ப்பது இங்கே நினைவுக்கு வரவில்லையா? அனைத்தையும் மேலிருந்தே திட்டமிடுதல் இயலாது என்பதே அவ்விருவரும் பின்னர் எழுதிவைத்த பாடம்.

அப்பாடத்தின் பயனை 'மைன்கிராஃப்ட்' காட்டிற்று. 2011-இல் முழு வடிவில் வெளிவந்த அந்த விளையாட்டு, கட்டைகளைக் கொடுத்துக் கட்டுமானத்தை ஆடுவோரிடமே விட்டது. தடை செய்யப்பட்ட பத்திரிகை எழுத்துகளைத் தாங்கிய நூலகம் ஒன்று 2020-இல் அதனுள்ளே எழுந்தது. கொலையுண்ட சவூதி எழுத்தாளர் ஜமால் கஷோக்ஜியின் கட்டுரைகளும் அங்கே இடம்பெற்றன.

சுதந்திரத்திற்கு மறுபக்கமும் உண்டு. எவரும் விளையாட்டை உருவாக்கலாம் என்று வாயிலைத் திறந்துவிட்ட 'ரோப்லாக்ஸ்', குழந்தைகளுக்குத் தீங்கு நேர்கிறது என்ற புகாருக்கு உள்ளாயிற்று. துருக்கி நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் அதை நாடு முழுவதும் முடக்கியது. தீயதோடு பிள்ளைகளின் நல்ல படைப்புகளும் அங்கே அடைபட்டன. கரையைக் காலத்தில் செப்பனிடாதவர்கள் பின்பு கண்மாயையே மூட நேர்கிறது.

இவ்வுலகம் நமக்குத் தொலைவில் இல்லை. 2022 பிப்ரவரி 6-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரத்தில் மணந்த ஓர் இணையரின் வரவேற்பு, கணிப்பொறி மாளிகை ஒன்றில் நிகழ்ந்தது. விருந்தினர் உருவம் பூண்டு உலவினர். மாளிகையை வகுத்ததோ ஒரு தொழில் நிறுவனம்.

ஆகவே, பெற்றோர் "விளையாடாதே" என்று தடுப்பதோடும், "எப்படியோ போ" என்று விடுவதோடும் கடமை தீராது. 'என் பிள்ளை அங்கே எதைப் படைக்கிறது? அங்கே விதி வகுப்பவர் யார்? தீங்கு நேர்ந்தால் முறையிட வழி உண்டா?' என்று கேட்டறிதல் வேண்டும். மடைத்திறப்பு யார் கையில் என்று அறியாமல் நம்மவர் எவரும் நாற்று நடுவதில்லையே!