மேலே தார், உள்ளே விரிசல்: ஒரு மேம்பாலம் விழுந்த கதை

சாலை மோசமாக இருந்தால் வண்டியின் டயருக்கும் ஓட்டுபவரின் முதுகுக்கும்தான் கேடு என்பது பலரின் எண்ணம். அதே சாலை ஒரு பாலத்தின் மேல் ஓடினால் கதையே வேறு!

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியலை ஒட்டியிருக்கும் நகரம் லவால். அங்கே 19-ஆம் எண் விரைவுச்சாலையின் குறுக்கே 1970-இல் கட்டப்பட்டது 'தெ லா கான்கோர்ட்' கான்கிரீட் மேம்பாலம். 2006 செப்டம்பர் 30, சனிக்கிழமை. பாலத்திலிருந்து கான்கிரீட் துண்டுகள் விழுவதாக முற்பகலில் தகவல் போனது. சாலைத் துறை ஊழியர் ஒருவர் வந்து பார்த்தார். துண்டுகளை அப்புறப்படுத்திவிட்டுப் போனார். பாலம் மூடப்படவில்லை. பகல் 12.30 மணியளவில் அதன் ஒரு பகுதி அப்படியே கீழே விழுந்தது. 5 பேர் இறந்தார்கள், 6 பேர் காயமடைந்தார்கள். பாலத்தின் வயது வெறும் 36!

மாகாணத்தின் முன்னாள் பிரதமர் பியர் மார்க் ஜான்சன் தலைமையிலான விசாரணைக் குழு 2007-இல் அறிக்கை தந்தது. கட்டும்போதே கம்பிகள் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. கான்கிரீட்டும் உறைபனியைத் தாங்கும் தரத்தில் இல்லை. இவற்றோடு அக்குழு சுட்டிய இன்னொரு குறை, மேற்பரப்பில் முறையான நீர்த்தடுப்பு இல்லாதது. 1992-இல் இணைப்புப் பகுதியில் நடந்த பழுதுபார்ப்பும் நிலைமையை மோசமாக்கியது.

தார் பார்க்கத்தான் கெட்டி. விரிசல் வழியாகவும் இணைப்பு வழியாகவும் தண்ணீர் கீழே இறங்கும். குளிர்நாடுகளில் பனியைக் கரைக்கத் தூவும் உப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து கான்கிரீட்டைப் பிளக்கும். உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே உடையும். போதாக்குறைக்கு, மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் லாரியின் சக்கரம், நிற்கும் லாரியைவிடப் பலமாகப் பாலத்தை அடிக்கும்.

பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுவது இதற்கு மருந்தாகாது. விரிசல் கண்ணுக்கு மறையும், பாலத்தின் சுமை கூடும், அவ்வளவுதான். பழையதைச் சுரண்டி எடுத்து, நீர்த்தடுப்பைச் சரிசெய்து, தண்ணீர் வடியும் குழாய்களின் அடைப்பை நீக்கிய பிறகே புதுத் தார் போட வேண்டும்.

லவாலில் அதே வடிவமைப்பில் இருந்த பக்கத்து மேம்பாலமும் பின்னர் இடிக்கப்பட்டது. அந்த முன்யோசனை ஐந்து உயிர்கள் போன பிறகுதான் வந்தது என்பதே வேதனை.