நூலுக்கு வந்த குளிர்ச்சி

கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் மில்கள் மளமளவென்று பெருகின. அப்படி எழுந்த ஒரு மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பிளான்ட்டை எல்லாரும் ‘ஏசி’ என்பார்கள். ஏசியாவது! தண்ணீரைச் சாரலாகப் பீச்சி, அதற்குள் காற்றை இழுத்து, கூரையடி டக்ட் வழியே ஹாலுக்குள் தள்ளுவோம். நாஸிலில் பஞ்சுப் பிசிறு அடைத்துக்கொள்ளும். ஊசி வைத்துக் குத்தி எடுப்பதே பாதி வேலை.

அந்தக் காற்று ஆளுக்காக வந்ததல்ல. காற்று உலர்ந்தால் நூல் அறும். ஸ்பின்னிங்கில் ஈரப்பதம் 55, 60 சதவீதமாவது நிற்க வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் கேரியர் 1902இல் புரூக்ளினில் முதல் ஏசி எந்திரத்தை வடிவமைத்ததும் அச்சகக் காகிதத்துக்காகத்தான். ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. இங்கிலாந்தின் லங்காஷயரில் இன்னும் மோசம். நெசவுக் கூடத்துக்குள் நீராவியையே விட்டார்கள். ஈரம் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று 1889இல் சட்டம் போட வேண்டியதாயிற்று.

சித்திரைக் காய்ச்சலில் எங்கள் சாரல் சூட்டைக் கொஞ்சம் இறக்கும். கோடை மழை பெய்து வெளிக்காற்றே ஈரமாகிவிட்டால் ஒன்றும் நடக்காது. “காத்து வருதுங்கண்ணா, வேர்வைதான் காய மாட்டேங்குது” என்பார் ஸ்பின்னிங் எந்திரம் பார்க்கும் ஒரு சைடர் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜன்னலில் நனைத்த சாக்கு கட்டுவோம், கூரைமேல் தண்ணீர் தெளிப்போம். எல்லாம் மழைக்காலம் வரைக்கும்தான்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இதெல்லாம் இருந்தது: வெள்ளையடித்தல், கூரைக்குத் தண்ணீர் தெளித்தல், கூரையை உயர்த்துதல். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குடிநீரைக் குளிரவைத்துத் தர வேண்டும் என்றும் அது சொன்னது. எங்கள் மில்லில் அதற்கென்று இருந்தது ஈரமணல்மேல் வைத்த மண்பானை வரிசை. குறை சொல்ல மாட்டேன், தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது.

கூரைச் சுண்ணாம்புக்குத்தான் பாடுபட வேண்டும். எங்கள் மேஸ்திரி விவரமானவர். யார் மயங்கி விழுந்தார் என்று ஆபீஸில் சொல்லவே மாட்டார். அன்றைக்கு எத்தனை இழை அறுந்தது என்ற கணக்கை மட்டும் கொண்டுபோய் வைப்பார். மறுநாள் காலையில் சுண்ணாம்பு மூட்டை கேட்டில் நிற்கும்.